கையில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று

இரண்டாவது குழந்தையோடு வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். மடியில் பாப்பா பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வயது பத்து மாதமான மூத்தவன் எதிரே வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்தபடியே கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மெல்லச் சாய்த்தான். கை தவறியதல்ல. நிதானமாகக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றி முடித்துவிட்டு மறுபடியும் என் முகத்தைப் பார்த்தான். நான் அதட்டினேன். அவன் அழுதான், அந்தச் சத்தத்தில் பாப்பா பாலை விட்டுவிட்டு அழுதாள், கொஞ்ச நேரத்தில் நானும் அழுதேன்.

பிரசவத்துக்கு முன் நான் எழுதி வைத்திருந்த பட்டியல் முழுக்கப் பாப்பாவுக்கானது. எத்தனை டயப்பர், எத்தனை துணி, தொட்டில் எங்கே போடுவது. மூத்தவனுக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை. வேலை வாங்கியதோ அவன்தான்.

பிறந்த குழந்தைக்கு நேரம் காலம் தெரியாது. பசித்தால் பால், நனைந்தால் வேறு துணி, தூக்கம் வந்தால் ஒரு தோள். இது எந்த அறையில், எத்தனை மணிக்கு நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை அப்படியில்லை. அதன் நாளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அது குலைந்தால் வீடே குலையும். அதனால் முதல் சில மாதங்களுக்கு நாளை மூத்ததைச் சுற்றிக் கட்டுங்கள், இளையதை அதற்குள் பொருத்துங்கள். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வயிற்றில் இருக்கும்போதே

மூத்ததின் வாழ்க்கையில் பெரிய மாற்றம் ஏதாவது வரவேண்டியிருந்தால் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் பிரசவம் ஆகி இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்று தள்ளிவையுங்கள். தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, டயப்பரை விடப் பழக்குவது, பால் பாட்டிலை நிறுத்துவது, குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பது எல்லாம் இதில் அடங்கும். பாப்பா வந்த அதே வாரத்தில் தொட்டில் கைமாறினால், தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் அந்தக் குழந்தைக்குப் படும். அதில் தப்பும் இல்லை, பிடுங்கித்தானே கொண்டோம்.

செய்தியை எப்போது சொல்வது? ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 'ஆறு மாதம் கழித்து' என்பதும் 'நாளைக்கு' என்பதும் ஒன்றுதான். வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகு சொன்னால் போதும். சொல்லும்போது ஆசை காட்டாதீர்கள். 'உன்னோடு விளையாட ஒரு பாப்பா வரப்போகிறது' என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். வந்து பார்த்தால் அது விளையாடாது, பந்தைக் கொடுத்தால் வாங்காது, கூப்பிட்டால் திரும்பாது. 'பாப்பா தூங்கும், அழும், பால் குடிக்கும், மறுபடி தூங்கும்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். மூத்தது பிறந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் காட்டி, 'நீயும் இப்படித்தான் இருந்தாய், உன்னையும் இப்படித்தான் வைத்திருந்தோம்' என்று சொல்லுங்கள். அந்தப் படங்களை எங்கள் வீட்டில் சலிக்கச் சலிக்கப் பார்த்தோம்.

இன்னொன்று, குளியல், தூங்க வைத்தல் இரண்டையும் அம்மா மட்டுமே செய்துவந்திருந்தால், குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அப்பாவோ வேறு பெரியவரோ செய்யத் தொடங்க வேண்டும். முதல் நாலு நாள் ரகளை நடக்கும். நடக்கட்டும். பிரசவம் ஆன இரவில் அந்த ரகளை முதல்முறையாக நடப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிரசவ வலி எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாததால், மூத்ததைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு இருவரிடம் சொல்லி வைப்பது நல்லது. அதோடு மூத்ததுக்குப் போட வேண்டிய தடுப்பூசிகள் ஏதாவது விட்டுப்போயிருந்தால் இப்போதே போட்டு முடித்துவிடுங்கள். பச்சைக் குழந்தைக்கு கக்குவான் இருமல் பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களிடமிருந்தே தொற்றுகிறது.

முதல் சந்திப்பு

மூத்தது அறைக்குள் வரும்போது அம்மாவின் கை காலியாக இருக்கட்டும். பாப்பா தொட்டிலில் கிடக்கலாம், வேறு யார் கையிலாவது இருக்கலாம். முதலில் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவது மூத்ததை. பிறகு அதுவாகவே கேட்டால் பாப்பாவைக் காட்டுங்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் மகன் அன்று பாப்பாவை அரை நொடி பார்த்தான், அப்புறம் முழுநேரமும் கட்டிலை ஏற்றி இறக்கும் பொத்தானில்தான் இருந்தான். நாங்கள் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அசட்டுத்தனமாக நின்றோம்.

பாப்பா கொண்டுவந்ததாகச் சொல்லி மூத்ததுக்கு ஒரு பொம்மை கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மூன்று வயதுக்கு அது பிடிக்கும். ஒன்றரை வயதுக்கு யார் கொடுத்தால் என்ன, பொம்மை பொம்மைதான்.

முதல் நாளே ஒரு விஷயத்தைப் பழக்கிவிடுங்கள்: பாப்பாவின் காலைத் தொடலாம், காலில் முத்தம் கொடுக்கலாம். 'தொடாதே', 'கிட்டே போகாதே', 'மெதுவாக' என்று நாள் முழுக்கக் கத்துவதைவிட 'காலைத் தொடு' என்பது சிறிய குழந்தைக்குச் சட்டென்று புரிகிறது. முகமும், இன்னும் மூடாத உச்சிக்குழியும் தப்பிக்கின்றன. மூத்தது வெளியிலிருந்து கொண்டுவரும் சளியும் பாப்பாவின் மூக்குக்கு நேராகப் போவதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவுவதை இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவைப் பற்றிச் சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்லிக்கொடுத்தால் மூத்ததுக்கு அக்கறை பிறக்கும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். 'கிட்ட உட்கார்ந்தால்தான் உன் முகம் அவளுக்குத் தெரியும்' என்று சொல்லலாம். உள்ளங்கையில் விரல் வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்ளும். அது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல்தான், ஆனால் 'பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டாள்' என்று ஓடிவந்து சொல்பவனிடம் அதை விளக்க வேண்டுமா? முதல் சில வாரம் அழும்போது பெரும்பாலும் கண்ணீர் வராது. இதை எங்கள் மகனே கண்டுபிடித்தான், 'பாப்பா பொய்யா அழுது' என்று.

முதல் இரண்டு வாரம்

இளையதைப் பொறுத்தவரை கணக்கு எளிது. இருபத்துநாலு மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். பிறந்த எடை முதல் சில நாளில் கொஞ்சம் குறைந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது டயப்பர் நனைந்தால் பால் போதுமான அளவு போகிறது என்று பொருள். தொப்புள்கொடியின் மிச்சம் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாக விழும், அதுவரை ஈரமில்லாமல் வைத்திருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பால் குடிக்க எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலும், மூச்சுக்குத் திணறினாலும், கண்ணும் தோலும் மஞ்சளாகிக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

எப்போது பால் கொடுத்தோம், எந்தப் பக்கம் கொடுத்தோம், எத்தனை டயப்பர் மாற்றினோம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் குழந்தைக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது. இரண்டாவதற்குக் காலையா மாலையா என்பதே குழம்பியது.

அறுவை சிகிச்சை செய்து பிறந்த குழந்தை என்றால், முதல் சுமார் ஆறு வாரத்துக்குப் பாப்பாவைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். மூத்தது பாப்பாவைப் போல மூன்று மடங்கு கனம் இருக்கும். அதற்கு வயிற்றுத் தையலைப் பற்றி என்ன தெரியும்? 'தூக்க முடியாது' என்பதற்குப் பதிலாக 'வா, மடியில் ஏறு' என்று சொல்லிப் பாருங்கள். சோபாவுக்கு அருகில் ஒரு சின்ன முக்காலி போட்டுவிட்டால் அதுவே ஏறிவரும். தையல் மேல் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் எங்கே பாயும் என்று தெரியாது.

இங்கே ஒரு பேச்சுப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 'பாப்பா தூங்குகிறாள், சத்தம் போடாதே.' 'பாப்பா பால் குடிக்கிறாள், இப்போது வர முடியாது.' 'பாப்பாவுக்கு நேரமாச்சு, பூங்காவிலிருந்து கிளம்பு.' ஒரு நாளைக்கு இப்படி எத்தனை முறை சொல்கிறோம் என்று நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள்ளேயே பதினேழு. தனக்கு மறுக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் அந்தப் பாப்பா என்று நாமே பாடம் நடத்துகிறோம். காரணத்தை நம் மேல் போட்டுக்கொள்ளலாம்: 'என் கை இப்போது வேலையாக இருக்கிறது. இந்தப் பாட்டு முடிந்ததும் வருகிறேன்.' வருகிறேன் என்றால் வர வேண்டும், அது வேறு விஷயம்.

பால் கொடுக்கும் நேரம்

சண்டைகளில் பாதி இங்கேதான். ஒரு முறைக்கு அரைமணி என்று வைத்தாலும் ஒரு நாளில் நாலிலிருந்து ஆறு மணி நேரம் நீங்கள் எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது மூத்ததுக்கும் தெரியும். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்ததும் அதனால்தான். நாங்கள் பழகிக்கொண்ட வரிசை இது:

1. பாப்பா வாயைத் திறந்து தேடத் தொடங்கியதும், அழும் வரை காத்திருக்காமல், மூத்ததை முதலில் கவனியுங்கள். கழிவறைக்குப் போக வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா. இரண்டு நிமிடம்தான் ஆகும்.

2. சமையலறைக் கதவு, வாசல் கதவு, குளியலறைக் கதவு மூன்றையும் சாத்துங்கள். மூத்தது நீங்கள் எழாமலே கைநீட்டித் தொடக்கூடிய அறையில் இருக்க வேண்டும்.

3. கொறிக்க ஏதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில். உங்களுக்கும் ஒரு பாட்டில் தண்ணீர்.

4. ஒரு பெட்டி. இந்த நேரத்துக்கு மட்டும் திறக்கும் பெட்டி. பால் முடிந்ததும் அது அலமாரிக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் நாலாம் நாள் அதில் ஒன்றுமில்லை.

5. முடிந்தால் தரையில் முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்காருங்கள். நாற்காலியில் இருப்பவர் எட்டாத ஆள், தரையில் இருப்பவர் பக்கத்து ஆள்.

பெட்டிக்குள் விலை கூடிய எதுவும் தேவையில்லை. மூடித் திறக்கும் டப்பாக்கள், பழைய துணி, ஒட்டி எடுக்கும் தாள்கள், கிழிந்தாலும் கவலைப்படாத ஒரு புத்தகம். நாலு பொருளுக்கு மேல் வைக்காமல், சில நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சின்ன மணி, கோலிக்குண்டு, பட்டன் பேட்டரி போன்றவை மட்டும் வேண்டவே வேண்டாம். மூத்ததுக்கு அவற்றை விழுங்கக் கூடாது என்று தெரிந்திருக்கலாம், ஆனால் தனக்குப் பிடித்ததைப் பாப்பாவுக்கு ஊட்டிவிடும் பாசம் அதற்கு உண்டு. பாப்பாவுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதையும் 'பாப்பா வாயில் எதுவும் வைக்கக் கூடாது' என்ற ஒரே வரியில் தினமும் சொல்லிவையுங்கள். புட்டிப்பால் குடிக்கும் பாப்பா என்றால் பாட்டிலைப் பெரியவர்கள்தான் பிடிக்க வேண்டும். துணி எடுத்துத் தருவது, கழுத்தில் கட்டும் பால்துணியை (பிப்) மாட்டுவது மூத்ததின் வேலை.

எப்போதோ தாய்ப்பாலை மறந்த மூத்தது திடீரென்று 'எனக்கும்' என்று வந்து நிற்கும். திடுக்கிட வேண்டாம். வாய் வைத்துப் பார்க்கவிட்டால் பெரும்பாலும் எப்படி உறிஞ்சுவது என்றே மறந்திருக்கும், சிரித்துவிட்டுப் போய்விடும். மூத்தது இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் கொடுப்பதில் தவறில்லை. முதல் சில நாள் சீம்பால் சுரக்கும்போது மட்டும் பாப்பா முதலில் குடிக்கட்டும்.

திரை காட்டலாமா? இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நான் அதை முழுமையாகக் கடைப்பிடித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பால் கொடுக்கும் போதெல்லாம் மொபைல் என்று ஆகிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து முறை அதைப் பிடுங்கும் சண்டையும் வரும். மாலையில், ஆளே இல்லாத அந்த ஒரு பொழுதுக்கு மட்டும் என்று நேரம் கட்டிக்கொண்டோம்.

தூக்கம்

பிறந்த குழந்தை நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். கூட்டிப் பார்த்தால் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒன்றாகத் தூங்குவதில்லை.

முழுநாளையும் ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். ஒரே ஒரு தூக்கத்தை மட்டும், மதியத்து ஒன்றை மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தப் பாருங்கள். மூத்தது வழக்கமாகத் தூங்கும் நேரம்தான் மையம். அதற்கு நாற்பது நிமிடம் முன்பு பாப்பாவை எழுப்பியாவது பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, டயப்பர் மாற்றிவிடுங்கள். பிறகு பாப்பாவை நெஞ்சோடு கட்டும் துணியிலோ பையிலோ வைத்துக்கொண்டு மூத்ததைப் படுக்க வையுங்கள். இப்படிக் கட்டும்போது பாப்பாவின் முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும், மோவாய் அதன் நெஞ்சில் அழுந்தக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் இது பலித்தாலே பெரிய வெற்றி. பலித்த நாளில் பாத்திரம் கழுவப் போகாதீர்கள், படுத்துவிடுங்கள்.

இரவில் தனி ஆளாக இரண்டையும் படுக்க வைக்க வேண்டிய நாளும் வரும். முதலில் மூத்ததுக்குச் சாப்பாடு, குளியல், உடை மாற்றல் எல்லாவற்றையும் பாப்பா அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், மாலை ஆறரைக்கே ஆனாலும் சரி. பிறகு இருட்டிய அறையில் மூத்ததின் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்தபடி மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கதையைச் சொல்லுங்கள். புத்தகம் வேண்டாம், கை இருக்காது. பாப்பா அழுது கதை நின்றுபோனால், நின்ற இடத்திலிருந்தே தொடருங்கள். எங்கள் வீட்டுக் கதையில் ஒரு யானை இரண்டு மாதமாக ஆற்றைக் கடந்துகொண்டே இருந்தது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாப்பா மல்லாந்து, உறுதியான தட்டையான மெத்தையில், தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் இல்லாத தனித் தொட்டிலில் தூங்க வேண்டும். குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே தொட்டில் இருப்பது நல்லது. மூத்ததையும் பாப்பாவையும் ஒரே படுக்கையில் போடக் கூடாது. கைகால் போட்டுத் தூங்கும் வயது அது. பாப்பாவுக்குக் குளிருமே என்று போர்வையைத் தலை வரை இழுத்து மூடுவதும், தன் பொம்மையைத் தொட்டிலுக்குள் போடுவதும் பாசத்தால் நடப்பவை, அதனால்தான் தொட்டிலுக்கு அருகில் ஏறுவதற்கான எதுவும் இருக்கக் கூடாது. அதேபோல நள்ளிரவில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்கும்போது கண் சொக்கினால் இடத்தை மாற்றுங்கள். சோபாவில் குழந்தையோடு தூங்கிவிடுவது மிக ஆபத்தானது.

இரவு அழுகையில் மூத்தது எழுந்துவிடுமே என்று பயந்தோம். முதல் வாரம் எழுந்தது, பிறகு பழகிவிட்டது. மூத்ததோடு அப்பா, இளையதோடு அம்மா என்று சில மாதம் தனித்தனி அறையில் படுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டும் ஒன்றாக அழும்போது

யாரை முதலில் எடுப்பது? ஆபத்தில் இருப்பதை. அப்படி யாரும் இல்லையென்றால், பாப்பா பால் குடித்து, நனையாமல் இருக்கிறது என்றால், மூத்ததை. இது கேட்பதற்குக் கல் மனதாகத் தெரியும். ஆனால் தொட்டிலில் பத்திரமாகக் கிடக்கும் பாப்பா இரண்டு நிமிடம் அழுததை நாளைக்கு நினைவு வைத்திருக்காது. முழங்காலில் அடிபட்டு ஓடிவந்தபோது அம்மா வேறு பக்கம் திரும்பினாள் என்பதை மூத்தது கவனித்துக்கொள்கிறது. அதோடு, மூத்தது அமைதியானால் பாப்பாவை நிம்மதியாகத் தூக்கலாம். மூத்தது காலைக் கட்டிக்கொண்டு அழும்போது பாப்பாவும் அடங்குவதில்லை.

இதில் நான் கண்டுபிடித்த ஒரு சின்னத் தந்திரம். பாப்பாவிடம் உரக்கச் சொல்லுங்கள்: 'பாப்பா, கொஞ்சம் பொறு. அண்ணனுக்குச் செருப்பு மாட்டிவிட்டு வருகிறேன்.' பாப்பாவுக்கு ஒன்றும் புரியாது. பாப்பா அழவே இல்லாதபோதுகூடச் சொல்லலாம். காத்திருப்பது எப்போதும் தான் மட்டும் அல்ல என்று மூத்தவன் காதில் விழுந்தால் போதும்.

பிறந்த குழந்தையின் அழுகை சுமார் ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நாலு மாதத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். அதிலும் சாயங்காலம்தான் அதிகம், மூத்ததும் சோர்ந்து அடம்பிடிக்கும் அதே நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள், இரவுச் சாப்பாடு மதியமே ஆகியிருக்கட்டும். தலை வெடிக்கும் போல் ஆகிவிட்டால் பாப்பாவைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூத்ததையும் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய் நில்லுங்கள். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அழவிட்டு ஐந்து நிமிடம் விலகி நிற்பதால் ஒன்றும் ஆகாது.

அடி, கிள்ளு, மறுபடி பாட்டில்

மூத்தது பாப்பாவை அடிக்கும். சாதுவான குழந்தையும் அடிக்கும். அதனால் இரண்டையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். கதவு தட்டினால் பாப்பா உங்களோடு வரட்டும், இல்லை மூத்தது வரட்டும். அடிக்கக் கை ஓங்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள். 'அடிக்க விடமாட்டேன்' என்ற ஒரு வாக்கியம் போதும். 'ஏன் அடித்தாய்?' என்று இரண்டு வயதுக் குழந்தையைக் கேட்டு என்ன பதில் வரப்போகிறது? நீளமான உபதேசமும் வேண்டாம், அதுவும் ஒரு கவனிப்புதான், அதற்காகவே மறுபடி அடிக்கும்.

எப்போது அடிக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். எங்கள் வீட்டில் பசியில், விருந்தாளி வந்த நேரத்தில், மதியத் தூக்கம் தவறிய நாளில். நேரம் தெரிந்துவிட்டால் முந்திக்கொள்ளலாம்.

டயப்பரை விட்ட குழந்தை மறுபடி நனைக்கும், மழலை மீண்டும் வரும், பாட்டில் கேட்கும், 'என்னைத் தூக்கு' என்று நடக்க மறுக்கும். 'நீ இப்போது பெரிய பையன்' என்று சொன்னால் பெரியவனாக இருப்பது நஷ்டம் என்றுதான் அதற்குத் தோன்றும். சரி, ஒரு பத்து நிமிடம் பாப்பாவாகவே இருக்கட்டும். துணியில் சுற்றி மடியில் போட்டு ஆட்டுங்கள். நாங்கள் இதைச் செய்யத் தொடங்கிய சில நாளிலேயே அவனுக்கு அலுத்துவிட்டது. பாப்பாவாக இருப்பதில் ஓடவோ குதிக்கவோ முடியாதல்லவா.

இதற்கெல்லாம் மேல் வேலை செய்தது தினமும் பதினைந்து நிமிடம். பாப்பா வேறு யார் கையிலாவது இருக்கும், மொபைல் இன்னொரு அறையில் இருக்கும், என்ன விளையாடுவது என்பதை அவன்தான் சொல்வான். அதற்கு ஒரு பெயரும் வைத்தோம், 'நம்ம நேரம்' என்று. பெயர் இருந்ததால் அவனால் கேட்க முடிந்தது. தண்ணீரைக் கொட்டுவதற்குப் பதில் 'நம்ம நேரம் எப்போ' என்று கேட்கத் தொடங்கினான்.

குளியல், வெளியே போவது, வருகிறவர்கள்

பாப்பாவைத் தினமும் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்பதில்லை, முகம், கழுத்து மடிப்பு, டயப்பர் பகுதியைத் துடைத்துவிட்டால் மற்ற நாளில் போதும். தண்ணீரில் இருக்கும்போது இரண்டின் மேலிருந்தும் ஒரு நொடியும் கண்ணை எடுக்காதீர்கள். சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும் மூழ்குவதற்கு. மூத்தது பார்த்துக்கொள்ளும் என்று துண்டு எடுக்கப் போவது கூடாது.

வெளியே கிளம்புவதற்கு வரிசை முக்கியம்: பையைத் திரும்பி வந்தவுடனேயே அடுத்த முறைக்காக நிரப்பிக் கதவருகில் வைத்துவிடுவது, பிறகு பாப்பாவுக்குப் பால், பாப்பாவை நெஞ்சில் கட்டுவது, கடைசியில் மூத்ததின் செருப்பு. செருப்பு போட்ட குழந்தையைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஐந்து நிமிடம் நிறுத்த யாராலும் முடியாது. பாப்பா நெஞ்சில் இருந்தால் ஒரு கை மூத்ததின் கையைப் பிடிக்கக் காலியாக இருக்கும்.

பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: முதலில் மூத்ததிடம் பேசுங்கள், அதுவே பாப்பாவைக் காட்டட்டும். சளி, இருமல் உள்ளவர்கள் இன்னொரு நாள் வரலாம். உதவி செய்யட்டுமா என்று கேட்பவர்களிடம், மூத்ததை எங்காவது கூட்டிக்கொண்டு போகச் சொல்வதுதான் நம் முதல் யோசனை. அது தினமும் நடந்தால் வீட்டிலிருந்து அனுப்பப்படுவது தான்தான் என்று அதற்குத் தோன்றிவிடும். ஒரு நாள் அப்படி, ஒரு நாள் பாப்பாவை அவர் மடியில் கொடுத்துவிட்டு நீங்கள் மூத்ததோடு.

பெற்றவர்கள்

பச்சை உடம்பு, தூக்கமில்லாத இரவு. காரணமில்லாமல் அழுகை வருவது முதல் இரண்டு வாரத்துக்கு மிகச் சாதாரணம். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், பாப்பா தூங்கும்போதும் தூங்க முடியாமல், நான் தகுதியில்லாத அம்மா என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது குழந்தைப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வருவதுண்டு. அவர்களை யாரும் கேட்பதில்லை.

வேலைப் பங்கீட்டில் 'கூடமாட உதவுகிறேன்' என்பது வேலைக்காகாது. இந்த இரண்டு மணி நேரம் மூத்தது முழுக்க உன் பொறுப்பு, என்னிடம் எதுவும் கேட்காதே என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு வந்தது. துணி மடிப்பதை நாங்கள் நாலு மாதத்துக்கு நிறுத்திவிட்டோம். துவைத்த துணி ஒரு கூடையில், அழுக்கு இன்னொரு கூடையில். யாரும் செத்துப்போகவில்லை.

ஆறேழு மாதத்துக்குப் பிறகு

ஆறாவது வாரத்தில் பாப்பா முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். அப்புறம் வீட்டில் மற்ற எல்லோரையும்விட மூத்ததைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கும். அந்தச் சில மாதங்கள் சுகமானவை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது பாப்பா குப்புற விழும், தவழும், மூத்தது அரைமணியாகக் கட்டிய கோபுரத்தை நோக்கி நேராக வரும். பொறாமையின் இரண்டாவது சுற்று அங்கே தொடங்குகிறது. முதல் சுற்றுக்காவது நாங்கள் பயந்து தயாராக இருந்தோம், இதை எதிர்பார்க்கவே இல்லை.

மூத்ததின் சொத்துக்கு ஓர் இடம் வேண்டும். பாப்பாவுக்கு எட்டாத ஒரு மேசை அல்லது அலமாரித் தட்டு, அதில் இருப்பதைப் பாப்பாவோடு பகிர வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள். பாப்பா எதையாவது பிடித்துக்கொண்டால் பிடுங்காமல், வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளும் வித்தையை மூத்ததுக்குக் கற்றுக்கொடுங்கள், இரண்டரை வயதில் அது வந்துவிடுகிறது. பாப்பாவை அடைத்து வைக்கலாம் என்று நாங்கள் ஒரு கம்பித் தடுப்பு வாங்கினோம். உள்ளே விட்டதும் அவள் அழுது ஊரைக் கூட்டினாள். கடைசியில் மூத்தவன்தான் தன் கட்டைகளையும் கார்களையும் தூக்கிக்கொண்டு அதற்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான். பாப்பா வெளியே கம்பியைப் பிடித்து எழுந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.